முதல் முறை கப்பல் சுற்றுலா போகிறீர்களா? பந்தி நேரம், மேசைப் பழக்கம், கிளம்பும் நேரம்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிக்கெட் போட்டாச்சு, ஆபீஸில் லீவும் சொல்லியாச்சு என்று உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பலில் நீச்சல் குளம் எங்கே, சறுக்கு மரம் எங்கே என்று காட்ட ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார வேண்டும், மேசையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. வயதானவர்கள், குழந்தைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் கிளப்பிக்கொண்டு போன எங்களுக்குத் திண்டாட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது.

1. எந்தக் கப்பல் என்று முதலில் பாருங்கள்

நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறார்கள். ஒன்று, சென்னைத் துறைமுகத்தில் ஏறும் கார்டிலியா. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்த கப்பல் இது. மேற்குக் கரையில் பருவமழை அடிக்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் வரும். நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம், விசாகப்பட்டினம், இலங்கை என்று சீசனுக்குச் சீசன் மாறும். இன்னொன்று, விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம்.

சென்னைக் கப்பலில் இட்லி, சாம்பார், ஜெயின் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். உடை விஷயத்திலும் கெடுபிடி குறைவு. சிங்கப்பூரில் ஏறும் பெரிய கப்பல்களில் பந்தி நேரம், உடை, டிப்ஸ் என்று விதிகள் கூடுதல். கீழே நான் சொல்வதில் பாதி அந்தப் பெரிய கப்பல்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நேரம் பற்றிச் சொல்வது இரண்டுக்கும் ஒன்றுதான்.

2. பந்தி நேரத்தை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள்

பெரிய கப்பல்களில் டிக்கெட் பணத்துக்குள்ளேயே வரும் பெரிய டைனிங் ஹால் ஒன்று இருக்கும். இரவுச் சாப்பாடு அங்கே கல்யாணப் பந்தி மாதிரிதான் நடக்கும். முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாம் பந்தி எட்டு, எட்டரைக்கு. கல்யாணத்தில் தாமதமாக வந்தால் அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்ளலாம், கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் மிஞ்சினாலும் யாரும் பசியோடு திரும்ப மாட்டார்கள். கப்பலில் இரண்டாம் பந்தியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு என்று ஒரு மேசை, பயணம் முழுக்க அதே மேசை, அதே பரிமாறுபவர்.

மூன்றாவதாக, நேரம் குறிக்காமல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற ஏற்பாடும் பல கப்பல்களில் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஏழரை மணிக்குப் போனால் வாசலில் வரிசை நிற்கும். பத்துப் பேர் சேர்ந்து போனால் ஒரே மேசை கிடைப்பதும் கஷ்டம்.

எங்கள் ஏஜென்ட் இதையெல்லாம் எங்களிடம் கேட்கவே இல்லை. அவராகவே முதல் பந்தி என்று போட்டுவிட்டார். நம்ம வீடுகளில் மதியச் சாப்பாடு இரண்டு மணி, ஐந்து மணிக்குக் காபியும் ஏதாவது நொறுக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு என்றால் யாருக்குப் பசிக்கும்? பெரியவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து, ராத்திரி பத்து மணிக்கு ரூமில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். ஆகவே என் யோசனை: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் முதல் பந்தி, மற்ற எல்லாருக்கும் இரண்டாம் பந்தி. கேட்கும் பந்தி நிரம்பிவிடலாம். பணம் கட்டும் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கூடவே கேட்க வேண்டிய இன்னொன்று, மேசை. நான்கு பேர் குடும்பம் என்றால் எட்டுப் பேர் மேசையில் வேறு குடும்பத்தோடு உட்கார வைக்க வாய்ப்பு உண்டு. தெரியாதவர்களோடு உட்காரப் பிடிக்காவிட்டால் தனி மேசை கேளுங்கள். இரண்டு மூன்று குடும்பமாகப் போனால் எல்லாருடைய புக்கிங் எண்களையும் ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தம்பி குடும்பம் ஒரு தளத்தில், நீங்கள் இன்னொரு தளத்தில் சாப்பிட வேண்டிவரும்.

3. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள்

'வெஜிடேரியன்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதாது. வெளிநாட்டுக் கப்பலில் அதற்குள் முட்டை வரும். தாய்லாந்து, சீன வகைக் காய்கறிகளில் மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் சேர்ப்பது சாதாரணம். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்களும், ஹலால் வேண்டியவர்களும் அப்படியே. ஜெயின் சாப்பாடு மாதிரி விசேஷத் தேவைகளுக்கு ஒன்றரை மாதம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. வேர்க்கடலை, இறால் அலர்ஜி இருந்தால் ஏறிய அன்று டைனிங் ஹாலின் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் போய் மறுபடியும் சொல்லுங்கள். ஏஜென்டிடம் சொன்னது சமையலறை வரைக்கும் போயிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

4. ஆவணங்கள்

இந்தியாவுக்குள்ளேயே சுற்றும் பயணத்துக்கு ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை போதும். குழந்தைகளுக்கும் வேண்டும். இலங்கை, சிங்கப்பூர் என்றால் பாஸ்போர்ட், பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் சாதாரணக் கட்டணம் ₹1,500, தட்கல் என்றால் மேலும் ₹2,000. போலீஸ் விசாரணை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, இரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நமக்கென்றே உள்ள தொல்லை இனிஷியல். ஆதாரில் 'க. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கண்ணன்', டிக்கெட்டில் ஏஜென்ட் போட்டது 'கண்ணன்' மட்டும். துறைமுகத்தில் இதை விளக்கிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் விசாவைப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் போடுவார்கள். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கமிஷன் தனி. விசா பலமுறை நுழைவதற்கானதா என்று கட்டாயம் பாருங்கள். சிங்கப்பூரில் இறங்குவது ஒரு நுழைவு, புக்கெட் போய்விட்டுக் கப்பலில் திரும்பி வருவது இன்னொரு நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்கும் போலி இணையதளங்கள் நிறைய உண்டு, சிக்காதீர்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் கவனிக்க: ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தங்கை பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் விசா விதிகள் ஆளுக்கு ஆள் வேறு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்கள் அசலைக் கையிலேயே வைத்திருங்கள். ஜெராக்ஸ் உதவாது.

கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டவர்களைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. அதற்குக் குறைவு என்றாலும் டாக்டர் கடிதம் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை.

5. செலவு: விளம்பரத்தில் பார்த்த தொகை கடைசித் தொகை இல்லை

ஜிஎஸ்டி, துறைமுகக் கட்டணம் இரண்டும் பணம் கட்டும் பக்கத்தில்தான் மேலே ஏறும். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளக் கூடியது, ரசீதைத் தொலைக்காதீர்கள்.

பெரிய அதிர்ச்சி டிப்ஸ். அமெரிக்கப் பாணிக் கப்பல்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். பல கம்பெனிகளில் குழந்தைகளுக்கும் சேர்த்து. நான்கு பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். சிலர் இதை கஸ்டமர் சர்வீஸ் கவுன்டரில் போய் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பரிமாறுபவருக்கும் ரூம் சுத்தம் செய்பவருக்கும் வருமானத்தில் பெரிய பங்கு இதுதான். டிக்கெட் செலவோடு சேர்த்தே கணக்குப் போட்டுவிடுங்கள்.

டைனிங் ஹால், பஃபே இரண்டுமே டிக்கெட்டுக்குள் அடக்கம். ஸ்பெஷாலிட்டி உணவகம் என்று போட்டிருந்தால் தனிக் காசு. அங்கே முன்பதிவு செய்துவிட்டு வராமல் போனால் பல கப்பல்களில் அபராதமும் உண்டு. குளிர்பானம், பாட்டில் தண்ணீர், மெஷின் காபி போக நல்ல காபி, எல்லாவற்றுக்கும் பில் வரும். பஃபேயில் குழாய்த் தண்ணீர், சாதாரணக் காபி, டீ இலவசம். மதுபான பேக்கேஜ் ஒருவர் வாங்கினால் அதே ரூமில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கம்பெனிகளில் இருக்கிறது. குடிப்பவர் ஒருவர்தான் என்றால் தனித்தனியாக வாங்குவதே லாபம்.

6. பெட்டியில் வைக்கக் கூடாதவை

புளியோதரை, தயிர்சாதம், வீட்டு ஊறுகாய், மீன் குழம்பு எதையும் ஏற்ற விட மாட்டார்கள். சீல் உடைக்காத கடை முறுக்கு, பிஸ்கட் பெரும்பாலும் பரவாயில்லை. எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் தீ அபாயம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணம் முடிந்து திரும்ப வாங்க இன்னொரு வரிசை.

'நம்ம ஊரில் விலை குறைவுதானே' என்று புதுச்சேரி பாட்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பலில் அதைப் பிடுங்கி வைப்பது அப்புறம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் எடுத்துப் போவதே குற்றம், இசிஆர் சோதனைச் சாவடியிலேயே பயணம் முடிந்துவிடும்.

உடைக்கு வருவோம். டைனிங் ஹாலில் ஈர உடை, பனியன், ரப்பர் செருப்புக்கு இடமில்லை. ஃபார்மல் நைட் என்று ஒரு இரவு இருக்கும், அதற்குக் கோட்டு சூட்டு தைக்கக் கிளம்பாதீர்கள். நம்ம வேட்டி சட்டை, பட்டுப் புடவை தாராளமாகச் செல்லும். பெரும்பாலான கப்பல்கள் தேசிய உடையை ஃபார்மல் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. லுங்கியும் நைட்டியும் ரூம் கதவுக்கு உள்ளேதான். காலை காபிக்கு நைட்டியோடு துண்டைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் ஏறுவது நம்மவர்களிடம் மட்டும் நான் பார்த்த காட்சி.

7. துறைமுகத்துக்கு எப்போது கிளம்புவது

கப்பல் மாலை ஐந்துக்குக் கிளம்புகிறது என்றால் ஐந்துக்குள் போனால் போதும் என்று அர்த்தமில்லை. செக்-இன் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்கும் முன்னால் உங்களுக்கு என்று ஒரு நேரம் கொடுத்திருப்பார்கள். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கிளம்பும் நேரம், நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும் செக்-இன் முடியும் நேரம்.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். புதுச்சேரியிலிருந்து சென்னைத் துறைமுகம் 150 கிலோமீட்டருக்கு மேல். இசிஆரில் காரில் மூன்றரை மணி நேரம் என்று வையுங்கள். சனி, ஞாயிறு என்றால் மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்கும், இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். கடலூர்க்காரர்களுக்கு அதற்கு முன்னாலேயே முள்ளோடை தாண்டி, அரியாங்குப்பம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை என்று ஒரு மணி நேரம் போய்விடும். பேருந்தில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினால் அங்கிருந்து துறைமுகம் இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிகளோடும் பெரியவர்களோடும் அந்தத் தூரம் லேசில்லை. துறைமுகத்துக்குப் பல கேட்கள், எந்த கேட் என்று டிக்கெட்டில் இருப்பதை டிரைவரிடம் முந்தின நாளே காட்டுங்கள்.

நான் சொல்வேன், காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பட்டும். சீக்கிரம் போய்விட்டால் உட்கார்ந்திருக்கலாம். சிங்கப்பூர்க் கப்பல் என்றால் முந்தின நாளே போய் ஒரு இரவு தங்குங்கள். அன்று காலை விமானத்தில் இறங்கி அன்று மதியம் கப்பல் ஏறுவது சூதாட்டம். கடலூர், நெய்வேலி, சிதம்பரம் பக்கத்தவர்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம் பார்க்கலாம்.

பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், ரூமுக்கு வர மாலை ஆகலாம். மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு செட் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

8. ஏறியதும்

எல்லாரும் பஃபேக்கு ஓடுவார்கள். சில கப்பல்களில் அன்று மதியம் டைனிங் ஹாலும் திறந்திருக்கும், கூட்டம் பாதிகூட இருக்காது. விசாரித்துப் பாருங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பாதுகாப்புப் பயிற்சி. இது கட்டாயம். 2012 கோஸ்டா கான்கார்டியா விபத்துக்குப் பிறகு சர்வதேச விதியையே மாற்றிவிட்டார்கள். ஒரு நாளுக்கு மேல் நீளும் பயணங்களில் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகள் எல்லாரும் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். போகாவிட்டால் ரூம் எண் சொல்லி மைக்கில் கூப்பிடுவார்கள். உங்கள் அட்டையில் போட்டிருக்கும் இடத்துக்கு நேரத்துக்குப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அன்று சாயங்காலமே டைனிங் ஹாலுக்குப் போய் உங்கள் மேசை எங்கே என்று பார்த்து வைத்துவிடுங்கள். கப்பலில் முன்பக்கம், பின்பக்கம் குழம்பும். ஆறு மணிக்குப் பந்தி என்று ஆறு மணிக்கு லிஃப்ட் தேடினால் ஆறேகாலுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

9. பஃபே

கை கழுவுங்கள், சோப்பு போட்டு. வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் மட்டும் போதாது. கப்பலில் வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு எடுங்கள், எச்சில் தட்டோடு திரும்பப் போகக் கூடாது. கரண்டியால் மட்டுமே எடுங்கள், குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். கொஞ்சமாக எடுத்து, பிடித்தால் மறுபடியும் போகலாம். ஒரு மேசைக்குப் பைகளை வைத்து அரை மணி நேரம் இடம் பிடிப்பது சண்டையில் முடியும். தட்டில் மிஞ்சிய பழத்தையோ சாண்ட்விச்சையோ கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், பல நாடுகளில் அபராதம் போடுவார்கள்.

10. டைனிங் ஹால் மேசையில்

நம்மவர்கள் இதில்தான் அதிகம் பயப்படுகிறார்கள். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நேரத்துக்கு வருகிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். காரணம் எளிது. ஒரு பரிமாறுபவருக்குச் சில மேசைகள் கொடுத்திருப்பார்கள். ஒரு மேசையில் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் ஆர்டர் எடுப்பார், சூப் எல்லாருக்கும் ஒன்றாக வரும், அது முடிந்த பிறகே அடுத்தது. நீங்கள் இருபது நிமிடம் தாமதித்தால் உங்கள் மேசையில் இருக்கும் மற்றவர்கள் பிரெட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் பந்தி நீண்டால், அடுத்த பந்திக்கு மேசை விரிப்பு மாற்றும் நேரம் குறையும். அந்த அவசரம் முழுக்க அவர் தலையில்தான் விழும்.

அதனால் ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். கால் மணி நேரத் தாமதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். அரை மணி தாண்டினால் பஃபேக்குப் போங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நாளைக்கு இரவு வர மாட்டோம், வேறு இடத்தில் சாப்பிடப் போகிறோம் என்றால் முந்தின இரவே பரிமாறுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்காக மேசையைக் காத்துக்கொண்டு நிற்பார். சொல்லாமல் விடுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு, நம்மவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

சாப்பாடு முழுதும் முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஒன்பது மணிக்கு ஷோ பார்க்க வேண்டும் என்றால் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டால் வேகமாகக் கொடுப்பார்கள்.

மெனுவில் முதலில் சின்னப் பண்டம் அல்லது சூப், அப்புறம் பெரிய சாப்பாடு, கடைசியில் இனிப்பு. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சூப்பை விட்டுவிடலாம், இரண்டு சூப் கேட்கலாம், பிடிக்காவிட்டால் வேறு கொண்டு வருவார்கள். நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட ஆசை என்றால் காலித் தட்டு கேளுங்கள், தாராளமாகத் தருவார்கள். இலவசம்தானே என்று ஆளுக்கு மூன்று ஆர்டர் செய்துவிட்டு அப்படியே வைக்காதீர்கள்.

கையால் சாப்பிடலாமா? சோறு, சப்பாத்தி, நண்டு எல்லாம் தாராளமாக. கை துடைக்க ஈரத் துண்டோ, எலுமிச்சைத் துண்டு போட்ட வெந்நீர்க் கிண்ணமோ கேட்டால் வரும். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: இரண்டையும் சேர்த்துத் தட்டில் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று பொருள். அப்பா பாதிச் சாப்பாட்டில் கண்ணாடி துடைக்கலாம் என்று இரண்டையும் ஒழுங்காக அடுக்கி வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் தட்டைக் காணோம். இடையில் நிறுத்தினால் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பரிமாறுபவரைக் கூப்பிட விரல் சொடுக்குவது, 'தம்பி' என்று மேசை தாண்டிக் கத்துவது வேண்டாம். சட்டையில் பெயரும் நாடும் எழுதியிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகிழ்வார்கள். முதல் இரவு அம்மா கடைசியில் மோர்சாதம் இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் மேசைப் பிலிப்பைன்ஸ்காரரிடம் 'பிளெயின் யோகர்ட், ஸ்டீம்ட் ரைஸ், உப்பு' என்று தனித்தனியாகக் கேட்டோம், வந்தது. அம்மா பிசைவதை அவர் நின்று பார்த்தார். மறுநாள் இரவு இனிப்புக்கு முன்னால் கேட்காமலேயே ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் தயிர், பக்கத்தில் நறுக்கிய பச்சை மிளகாய். இதற்கெல்லாம் படிவம் கிடையாது, ஒழுங்காக நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால் தானாக நடக்கும். இந்தியச் சாப்பாடு வேண்டும் என்றால் முந்தின இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் பல கப்பல்களில் பருப்பும் கறியும் செய்து தருவார்கள்.

வேறு குடும்பத்தோடு ஒரே மேசை என்றால் எல்லார் தட்டும் வரும் வரை பொறுங்கள். போனில் சத்தமாக வீடியோ ஓட விடாதீர்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை குழந்தைகள் என்ற விசாரணையை இரண்டாம் நாளுக்கு ஒத்திவைக்கலாம்.

11. கரையில் இறங்கும் நாள்

'ஆல் அபோர்ட்' என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். கப்பல் நகரும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னால் இருக்கும். அந்த நேரத்துக்குள் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால், வண்டி தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. நீங்களே டாக்ஸி பிடித்துப் போனால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போக வேண்டியதுதான்.

இதைவிட நுட்பமான வலை போன் கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், உங்கள் போனில் நான்கு மணி, கப்பலில் ஐந்து. தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்தைக் கையால் வையுங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், கப்பல் டவரில் தொற்றிக்கொண்டால் ரோமிங் பில் தாங்காது.

புதுச்சேரியிலேயே கப்பல் நிற்கும் பயணங்களும் உண்டு. 2025 ஜூலையில் சென்னைக் கப்பல் விசாகப்பட்டினம் வழியாக இங்கே வந்தது. பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்கும் ஆழம் இங்கே கிடையாது, அது கடலில் தள்ளியே நிற்கும். சின்னப் படகுகளில்தான் பயணிகள் கரைக்கு வருவார்கள். அதனால் கணக்கில் வைக்க வேண்டியது கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல, கடைசிப் படகின் நேரத்தை. கடல் கொந்தளித்தால் இறங்குவதையே ரத்து செய்யும் உரிமை கேப்டனுக்கு உண்டு.

'வீடு லாஸ்பேட்டையில்தானே, இங்கேயே இறங்கிவிடுகிறோம்' என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பயணிகள் பட்டியலில் உங்கள் பெயர் கடைசித் துறைமுகம் வரை இருக்கும். சொந்தக்காரர்களைக் கப்பல் பார்க்கக் கூட்டிப் போகவும் முடியாது, அத்தை கட்டிக் கொடுத்த பிரியாணியை மேலே ஏற்றவும் முடியாது. கரையிலேயே சாப்பிட்டுவிட்டுப் படகு ஏறுங்கள்.

12. கடைசி இரவு

பெரிய பெட்டிகளை இரவு பதினொரு மணிக்குள் ரூம் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய துணி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அதோடு போய்விடாமல் பாருங்கள். மறுநாள் காலைச் சாப்பாடு வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடியும், ரூமையும் எட்டு மணி வாக்கில் காலி செய்ய வேண்டும். ஒன்பது மணிக்கு எழுந்து பொங்கல் தேடினால் பூட்டிய கதவுதான்.

பில்லை அன்று இரவே பார்த்துவிடுங்கள். ரூம் டிவியிலோ ஆப்பிலோ தெரியும். குழந்தை மினிபாரில் எடுத்த ஜூஸ், வாங்காத போட்டோ என்று ஏதாவது ஏறியிருக்கும். காலையில் கவுன்டரில் நீண்ட வரிசை நிற்கும், இரவு சாப்பிட்டு முடித்ததும் போனால் சீக்கிரம் திருத்திக் கொடுப்பார்கள்.

வெளிநாட்டுக் கப்பலுக்குக் கிளம்பும் முன் வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கி வைத்தால்தான் உங்கள் அட்டை அங்கே வேலை செய்யும். டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டு மேல். ஏறும்போது ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு என்றால் அது உங்கள் சொந்தப் பணம், பயணம் முடிந்து விடுவிக்க ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். அந்தக் கணக்கிலிருந்து மாதத் தவணை போகிறது என்றால் வேறு அட்டையைக் கொடுங்கள்.